சீனிக்கல்லும் முத்தையா அண்ணனின் தீயும்

ஒரு கல் இருந்த இடத்தை விட்டு நகராமலே வேறு கல்லாக மாறிவிடும் என்ற எண்ணம், சுத்தியலால் உடைத்த ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு வந்தது. துண்டுக்குள் ஒரு சிப்பியின் வடிவம் இருந்தது. விசிறி போன்ற வரிகள், வளைந்த விளிம்பு, எல்லாம் இருந்தன. சிப்பி மட்டும் இல்லை. அந்த வடிவத்துக்குள் நிறைந்திருந்தவை சீனியைப் போல மினுங்கும் சிறு மணிகள். சுற்றியிருந்த கல்லிலும் அதே மணிகள். யாரோ ஒரு வீட்டுக்குள் புகுந்து, சுவரைச் சாய்க்காமல், செங்கல் ஒவ்வொன்றையும் உருவிவிட்டு வேறு செங்கலைச் செருகிப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நினைத்ததும் நெஞ்சு படபடத்தது. ஆனால் அந்த எண்ணம் பதினொரு நாள் பிந்தி வந்திருந்தது. முத்தையா அண்ணனை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிப் போய்ப் பதினொரு நாள் ஆகியிருந்தது.

இந்தக் கல்மலையில் கல் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்காக இதை எழுதுகிறேன். அடுத்த மாதம் நான் கோலாலம்பூருக்குப் படிக்கப் போகிறேன். ஓய்வு பெறுகிறவர்கள்தான் இப்படியெல்லாம் எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். எனக்கு இருபத்தாறு வயது. இருந்தாலும் இந்த வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதில் கெட வேண்டிய அளவுக்குக் கெட்டுவிட்டேன். சுண்ணாம்புச் சூளையை எப்படி அடுக்குவது, ரப்பர் மரக் கட்டையை எத்தனை வரிசை போடுவது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்கே கை வந்துவிடும். அதை நான் சொல்லப்போவதில்லை. எந்த நேரத்தில் வாயைத் திறக்க வேண்டும், எந்த நேரத்தில் திறந்த வாயை மூட வேண்டும் என்பது ஒரு வாரத்தில் வராது. எனக்கு வரவில்லை.

நான் செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். சுங்கை பட்டாணியில் ஆங்கிலப் பள்ளியில் கடைசிப் பரீட்சை வரை படித்தேன். பரீட்சை முடிந்தது, ஜப்பான்காரன் சண்டை வந்தது. தோட்டத்து ஆலையில் ரப்பர் பால் உறைவதற்கு ஆசிட் கலக்கும் வேலை கிடைத்தது. கொஞ்ச நாளில் பால் வெட்டும் நின்றது. அதற்கப்புறம் ஜப்பான்காரன் சயாமுக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தான். மெர்போக் பக்கத்தில் ஒரு தொழிலாளர் லயத்தில் ஒரே காலையில் பத்து வீட்டு ஆண்களை ஏற்றிப் போனார்கள் என்று கேள்விப்பட்டதும், என் அப்பா யார் யாரையோ பிடித்து, பாலிங் போகும் வழியில் இருக்கும் இந்தக் கல்மலையில் என்னைக் கொண்டுவந்து சேர்த்தார். ஆலையிலிருந்து வரும்போது ஒரு போத்தல் ஆசிட்டை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். சுண்ணாம்புக் கல்லில் ஆசிட் பட்டால் பொங்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அதுதான் என் மொத்தப் படிப்பும்.

இங்கே ஆண்களும் பெண்களுமாகப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சூளைக்குத் தீ போடுபவர் முத்தையா அண்ணன். நாற்பது வயது இருக்கும். புருவமே இருக்காது, தீயில் கருகிக் கருகி. கல்லை உடைத்துப் பொறுக்கும் பெண்களுக்குத் தலைவி அவர் மனைவி பாக்கியம் அக்கா. சீமைச் சிமெண்டு வராமல் போனதால், ஜப்பான்காரன் கட்டியதற்கெல்லாம் எங்கள் சுண்ணாம்புதான். அதனால் எங்களைப் பார்த்துக்கொண்ட ஜப்பான் அதிகாரி முதல் நாளே சொல்லிவிட்டான்: சுண்ணாம்பு ஒழுங்காகப் போகிற வரையில் இந்தச் சூளையிலிருந்து ஒருவர் பெயரும் சயாம் பட்டியலில் ஏறாது. ஒழுங்காகப் போகாவிட்டால் என்ன என்று அவன் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நான் முதன்முதலில் கல்லில் ஆசிட்டைச் சொட்டியபோது பாக்கியம் அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து பார்த்தார்.

“என்ன தம்பி, கல்லுக்கு மருந்து ஊத்துற? காய்ச்சலா அதுக்கு?”

“பொங்குது பாருங்கக்கா. பொங்குனா நல்ல கல்லு.”

“நாங்க இத்தன வருஷமா பொங்காமலேயா சுட்டோம்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எனக்கு மருந்துக்காரன் என்று பெயர்.

மலையில் கல் வெட்டிக்கொண்டிருந்த பழைய முகப்பில் நல்ல கல் இருந்தது. வெளிர் சாம்பல் நிறம், மழை வழித்த வழவழப்பு, உடைத்தால் உள்ளே பொத்தான் பொத்தானாகக் கடல் உயிர்களின் தண்டுகள். ஆனால் மேலே பாறை குடை போலத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அதில் ஒரு மூலை விழுந்து இரண்டு கூடைகள் நசுங்கின. கூடைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெண் தண்ணீர் குடிக்கப் போயிருந்ததால் பிழைத்தாள். அதே வாரம், கோலா கெடா படகுத்துறையில் அரிசிக் கிடங்கு கட்டுவதாகவும், சுண்ணாம்பு இரட்டிப்பாக வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. முகப்பை மாற்றுவது என்று நான் முடிவு செய்தேன். நான்தான். இதை நினைவில் வையுங்கள்.

சாலைப் பக்கமாக முப்பது அடி தள்ளிப் புது இடம் பார்த்தேன். பழைய முகப்பில் இருந்த அதே அடுக்கு கோடு போட்டதுபோல நீண்டு அங்கேயும் வந்தது. பாறை என்பது அடுக்கி வைத்த புத்தகம். ஒரே பக்கம் இந்த ஓரத்திலும் அந்த ஓரத்திலும் ஒரே காகிதமாகத்தான் இருக்கும் என்று எனக்கு அசையாத நம்பிக்கை. புது இடத்தில் கல்லின் மேற்பரப்பு வேறு மாதிரி இருந்ததைப் பார்த்தேன். கறிக்கடை வெட்டுக்கட்டையில் கத்தி பட்ட மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள். நிறமும் லேசாகப் பழுப்பு. பார்த்தேன், ஆனால் அதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். வெள்ளையாகத் தூள் கிளம்பிய இடத்தில் ஆசிட்டைச் சொட்டினேன். பொங்கியது.

“நல்ல கல்லு. வெட்டுங்க,” என்றேன்.

இங்கே நிறுத்தி ஒன்று சொல்லிவிடுகிறேன், பொறுக்க முடியவில்லை. இன்று அந்தக் கல்லின் பெயர் எனக்குத் தெரியும்: டாலமைட். சண்டை முடிந்த பிறகு கையில் கிடைத்த ஒரு புத்தகத்தில், பாதிப் பக்கங்களை யாரோ சுருட்டாக்கிப் புகைத்தது போக மிச்சத்தில், அந்தப் பெயர் இருந்தது. அதன் முழுக் கல்லில் ஆசிட் விழுந்தால் சும்மா கிடக்கும். எப்போதாவது சோம்பலாக ஒரு குமிழ் விடும். ஆனால் அதையே தூளாக்கி ஊற்றினால் சுண்ணாம்புக் கல் போலவே பொங்கி ஏமாற்றும். நான் தட்டியதே தூளைக் கிளப்பியது. தூளை ஊதிவிட்டு, கழுவிவிட்டு, கல்லின் மேல் நேராகச் சொட்டியிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்த ஒரு ஊதல். நீங்கள் ஊதுங்கள்.

பாக்கியம் அக்காவுக்கு ஆசிட் தேவைப்படவில்லை. புது முகப்புக் கல் வந்த இரண்டாம் நாளே அவர் அதற்குச் சீனிக்கல் என்று பெயர் வைத்துவிட்டார்.

“இது வேற கல்லு தம்பி. அதே கூடை, அதே மட்டந்தான் போடுறோம். இடுப்பு கனக்குதுன்னு சொல்லுது.”

“மரவள்ளியத் தின்னுட்டுத் தூக்குனா எல்லாமே கனக்குந்தான்கா.”

பெண்கள் சிரித்தார்கள். பசியில் இருப்பவர்களைப் பசியைச் சொல்லியே சிரிக்க வைத்ததை அன்று நான் சாமர்த்தியம் என்று நினைத்தேன். அந்தக் கல் கொஞ்சம் கனம்தான். அதுவும் புத்தகத்தில் இருக்கிறது.

சூளை முகத்தில் இவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சூளை ஆறி, முதல் கட்டியை எடுத்ததும், ஒரு தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீரில் போட்டு, சிவப்புத் துணி சுற்றிய முனிக் கல்லின் முன்னால் வைப்பார்கள். வைத்துவிட்டு எல்லோருமாக ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். நூறு எண்ணுவதற்குள் கட்டி சீறி, வெடித்து, மாவாகப் பூத்துவிட வேண்டும். பூத்தால் முனி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். பூக்காவிட்டால் அந்தச் சூளைச் சுண்ணாம்பை ஏழு நாள் தண்ணீர் தெளித்து, சாக்குப் போட்டு மூடிவைப்பார்கள். அதற்குப் பெயர் தோஷம் கழிப்பது. நான் மாதா கோயிலுக்குப் போகிறவன், அதற்கு மேல் பள்ளிக்கூடம் போனவன். இவர்கள் எண்ணும்போதெல்லாம் கொஞ்சம் தள்ளி நின்று ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

புது முகப்புக் கல்லின் முதல் சூளை. கட்டியைப் போட்டார்கள். எண்ணினார்கள். அறுபது, எழுபது, தொண்ணூறு. சிரட்டைத் தண்ணீர் வெதுவெதுவென்று கூட ஆகவில்லை.

“நூறு தாண்டிருச்சு,” என்றார் முத்தையா அண்ணன். “பூக்கல.”

“பூக்கும்ணே, கொஞ்சம் பொறுங்க.”

“பொறுக்கத்தான் சொல்றேன் நானும். ஏழு நாள் நனைச்சு மூடி வச்சிருவோம்.”

“ஏழு நாளா? நாளைக்கு லோரி வருது!”

“லோரிக்காரன்கிட்ட நீதான் சொல்லணும். ஒனக்குத்தானே பாஷ தெரியும்.”

“என்னன்னு சொல்லட்டும்? முனி ஒத்துக்கலன்னா? முனியே வந்து ஜப்பான்காரன்கிட்டப் பேசுமாண்ணே?”

இதற்கும் சிரிப்பு வந்தது, அண்ணனே சிரித்தார். நான் அதோடு நிறுத்தவில்லை. தீ போதவில்லை, அதனால்தான் உள்ளே வேகவில்லை, அடுத்த சூளைக்கு இரண்டு நாள் கூடுதலாகக் கட்டை போடுங்கள் என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “கூட்டுனா கல்லு செத்துப்போகும் தம்பி.”

“நா சொல்றேன்ல, கூட்டுங்கண்ணே.”

கூட்டினார். தன் கைப்பழக்கத்துக்கு எதிராக, நான் சொன்னதற்காகக் கூட்டினார். அடுத்தடுத்த சூளைகள் எல்லாவற்றுக்கும் அதே தீ. சுண்ணாம்பு ஒரு நாள்கூட ஊறாமல் லாரியில் ஏறியது.

அவர்கள் சாமி கும்பிட்டார்கள் என்று நினைத்தேன். அவர்கள் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். என்னுடைய சோதனையைவிட நல்ல சோதனை அது. கூடவே பரிகாரமும் இருந்தது. சீனிக்கல்லில் பாதிதான் சுண்ணாம்பு. மீதி மக்னீசியம். அந்த மக்னீசியம் குறைந்த சூட்டிலேயே வெந்துவிடும். சுண்ணாம்பு வேகிற வரை எரித்தால் அது கருங்கல் மாதிரி இறுகிப்போய், தண்ணீரைக் கண்டாலும் சட்டென்று குடிக்காது. சுவரில் பூசிய பிறகு, மாதக்கணக்கில், காற்றின் ஈரத்தைச் சிறுகச் சிறுகக் குடித்து அங்கே வைத்து வீங்கும். ஏழு நாள் ஊறவைத்திருந்தால் முழுவதும் தப்பியிருக்குமா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நான் கூட்டச் சொன்ன தீக்கு ஏழு மாதம்கூடப் போதாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் நிறுத்தச் சொன்ன இடம் சரியான இடம்.

மூன்று மாதம் எந்தச் சத்தமும் இல்லை. அதற்குள் எனக்குத் திமிர் ஏறிவிட்டது. இரட்டிப்புச் சுண்ணாம்பு, புது முகப்பு, ஒருவர் பெயரும் பட்டியலில் இல்லை. வீட்டுக்குப் போனபோது அப்பா என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

பிறகு ஒரு நாள் உச்சி வெயிலில் அதிகாரி வந்தான். ஜீப்பிலிருந்து சிப்பாய் ஒருவன் ஒரு சாக்கை இறக்கி எங்கள் காலடியில் கொட்டினான். கிடங்குச் சுவரின் பூச்சு. அம்மை போட்ட முகம் மாதிரி குழி குழியாகத் தெறித்திருந்தது. ஒவ்வொரு குழியின் அடியிலும் கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளி. பூச்சு வீங்கி, பிளந்து, அதன் வழியே மழை இறங்கி, அரிசி மூட்டைகள் பூசணம் பிடித்துவிட்டனவாம். வெளியே ஜனங்கள் மரவள்ளிக்கு அலைந்துகொண்டிருந்தபோது உள்ளே அரிசி அழுகிக் கிடந்தது. அது அவனுக்கு நாசவேலை. அவன் பேசியது உடைந்த மலாய். எங்களில் எல்லோருக்கும் புரிகிற மலாய்.

“சியாப்பா பூஞா சாலா?” யாருடைய தவறு?

அவன் ஒரு துண்டுப் பூச்சை எடுத்து என்னிடம் நீட்டினான். கல் பார்ப்பவன் நான் என்று அவனுக்குத் தெரியும்.

என் தலை எவ்வளவு வேகமாக ஓடியது என்பது இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பூச்சு கெட்டால் காரணம் இரண்டுதான்: கல், இல்லாவிட்டால் தீ. கல் என்னுடையது. தீ அவருடையது. வேறு பதிலும் இருந்தது. எனக்குத் தெரியவில்லை, இரண்டு நாள் கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. அறை விழுந்திருக்கும், அதற்கு மேலும் விழுந்திருக்கலாம். ஆனால் படித்தவன் ஒருவன் தெரியவில்லை என்று சொல்வது அந்த நிமிடம் எனக்குச் சாவைவிடக் கேவலமாகத் தோன்றியது. சாவும் பயமாகத்தான் இருந்தது.

“பாத்து பாயிக், துவான்,” என்றேன்.

கல் நல்ல கல், ஐயா. அவ்வளவுதான் சொன்னேன். அதை நான் அப்போது நம்பினேன், ஆசிட் பொங்கியதே. முத்தையா அண்ணன் மேல் நான் ஒரு பழியும் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை. கல் நல்லது என்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

அதிகாரி திரும்பினான். தீ யாருடையது என்று கேட்டான்.

முத்தையா அண்ணன் ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் கூட்டச் சொன்னதை நான் சொல்லப்போகிறேனா என்று காத்திருந்தார் என்று நினைக்கிறேன். அதிக நேரம் காத்திருக்கவில்லை. கல் பார்க்கிறவன் சொல்லித்தான் செய்தேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் விசாரணை இரண்டு பேரோடு நிற்காது, பன்னிரண்டு பேரையும் இழுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது அப்புறம்தான் புரிந்தது.

“சாயா பூஞா, துவான்.” என்னுடையது.

அப்படியே ஏற்றினார்கள். சட்டை போட விடவில்லை. பாக்கியம் அக்கா கூடையோடு ஓடி வந்தார். கூடையைக் கீழே போட வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்தான். அண்ணன் ஜீப்பிலிருந்து அவரிடம் ஏதோ சொன்னார், என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. என்னிடம் சொன்னது கேட்டது.

“கல்ல இன்னொரு தடவ பாரு தம்பி.”

கோபமாகச் சொல்லவில்லை. சூளை முகத்தில் வேலை சொல்கிற மாதிரி சொன்னார்.

பத்து நாள் நான் பார்க்கவில்லை. பதினோராவது நாள் பார்த்தேன். இந்த எழுத்தின் முதலில் சொன்ன சிப்பி அன்றைக்குத்தான் கிடைத்தது.

இப்போது கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் இந்த இடத்தில் எனக்கு இன்னமும் உற்சாகம் பிறந்துவிடுகிறது. அந்த மனிதர் போனதற்கு அப்புறமும் இந்தக் கல்லைப் பற்றிப் பேசினால் என் குரல் ஏறிவிடுகிறது. அதற்கு நான் என்ன செய்வது என்று தெரியவில்லை. அன்று முகப்பு நெடுகக் கழுவினேன், தூளை ஊதினேன், அடிக்கொரு சொட்டு விட்டேன். பழைய முகப்பிலிருந்து வரும்போது பொங்கல், பொங்கல், பொங்கல். அப்புறம் ஒரு கையகலத்துக்குள் நின்றுவிட்டது. அடுக்கு மாறவில்லை. அதே அடுக்கு, அதே கோடு. அந்த அடுக்கைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஒரு வெடிப்பு கீழிருந்து மேலே போயிருந்தது. வெடிப்புக்கு இரண்டு பக்கமும் சீனிக்கல். வெடிப்பை ஒட்டி மணிகள் பெரிது, கண்ணுக்குத் தெரியும், பட்டை பட்டையாக முகம் வைத்தவை. விலக விலகப் பொடிப்பொடியாகிக் கடைசியில் சுண்ணாம்புக் கல்லில் போய் முடிந்தது. மக்னீசியம் கலந்த ஏதோ ஒரு தண்ணீர், இந்தக் கல் கல்லாகி எத்தனையோ காலம் கழித்து, அந்த வெடிப்பு வழியாக ஏறி, இரண்டு பக்கமும் ஊறி, சிப்பியையும் தண்டையும் சேற்றையும் மணி மணியாக மாற்றிவைத்துவிட்டுப் போயிருக்கிறது. மாறும்போது கொஞ்சம் சுருங்கியிருக்கிறது போலும். அதனால்தான் அந்தக் கல்லில் அங்கங்கே குழிகள், குழிக்குள் பளிங்கு.

ஆகவே மணி எவ்வளவு பெரிது, குழி எங்கே, உயிர்களின் வடிவம் தெளிவாக இருக்கிறதா, நிழல் மட்டும் இருக்கிறதா என்று பார்த்தால், கல்லுக்கு முதலில் என்ன நடந்தது, பிறகு என்ன நடந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். கடலடியில் படிந்த சீக்கிரத்திலேயே மாறும் சீனிக்கல்லும் உண்டு என்று புத்தகம் சொல்கிறது. அது மிக நுண்ணியதாக, அடுக்கை ஒட்டியே போகுமாம். நம் மலையில் இருப்பது பிந்தி வந்தது, குறுக்கே வந்தது. எப்படி இவ்வளவு பெரிய அளவில் மாறுகிறது என்பது எழுதியவர்களுக்கே முழுதாகத் தெரியவில்லை என்று அந்தப் புத்தகத்தில் வெளிப்படையாக எழுதியிருந்தது. அந்த வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து வெளியே போனேன். அச்சில் தெரியவில்லை என்று எழுதத் துணிந்தவர்கள் இருக்கிறார்கள்.

சரி. புரிந்தது. புரிந்த பிறகு என்ன செய்தேன்?

அதிகாரியிடம் போகவில்லை. போனால் அண்ணனைத் திருப்பிக் கொண்டுவருவானா? மாட்டான், என்னையும் ஏற்றுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருவேளை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சூளையில் இருந்தவர்களிடமும் சொல்லவில்லை. புது முகப்பில் பாம்புப் புற்று இருக்கிறது என்று ஒரு கதை கட்டி, தொங்கும் பாறையை மேலிருந்து உடைத்துத் தள்ளிவிட்டு, பழைய முகப்புக்கே எல்லோரையும் திருப்பினேன். தீயை அண்ணனுக்கு உதவியாக இருந்தவன் போட்டான். கல் நல்ல கல். சிரட்டையில் நாற்பது எண்ணுவதற்குள் பூத்தது. அடுத்த சூளையும் பூத்தது. கோலா கெடாவில் மறுபடி பூசினார்கள், பூச்சு நின்றது.

அப்போது நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும்.

“முத்தையாண்ணன் கை தளந்துதான் போச்சு,” என்று புதுத் தீக்காரன் சொன்னான். “எம்புட்டு நாளா நாம கண்டுக்கல பாரு.”

“புருவத்தோட பார்வையும் போயிருச்சோ என்னமோ,” என்றான் இன்னொருவன்.

எல்லோரும் அதை ஒத்துக்கொண்டார்கள். கண்முன்னால் சாட்சி இருந்தது: ஆள் மாறினார், சுண்ணாம்பு நன்றாக வந்தது. நான் இரகசியமாகக் கல்லைத் திருத்தியதால் அவர் பகிரங்கமாகக் குற்றவாளி ஆனார். ஜப்பான்காரன் முன்னால் சொன்னது பயத்தில் சொன்ன நாலு வார்த்தை. இது அப்படி இல்லை. இதை ஒவ்வொரு சூளைக்கும், ஒவ்வொரு வாரமும், வாய் திறக்காமலே சொன்னேன்.

பாக்கியம் அக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு நாள் கல் உடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“தம்பி, நீ படிச்ச புள்ள. தீயிலதான் தப்புன்னு ஒனக்கும் தோணுதா?”

“அதெல்லாம் இப்ப எதுக்குக்கா?”

“இல்ல, அவரு கை அப்படித் தவறாது. தவறியிருந்தா எங்கிட்டச் சொல்லியிருப்பாரு. ராத்திரி சோத்துல உப்பு கூடுனாக்கூட எங்கிட்டச் சொல்ற ஆளு.”

நான் வேறு வேலை இருப்பதுபோல எழுந்து போனேன்.

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து திரும்பியவர்கள் எலும்பும் தோலுமாக வந்தார்கள். அதில் பெடோங் பக்கத்து ஆள் ஒருவர், ஏதோ ஒரு முகாமில் புருவமில்லாத ஒருவரைப் பார்த்ததாகவும், வாந்திபேதி வந்த பிறகு அவரைப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். பெயர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையாம். பாக்கியம் அக்கா இன்னும் பொட்டு வைத்துக்கொள்கிறார். “செத்தாருன்னு யாரு கண்ணால பாத்தா?” என்கிறார். அதற்கு மேல் அவரிடம் யாரும் பேசுவதில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால், பூச்சைக் கெடுத்து ஊரையே மாட்டிவிடப் பார்த்தவரின் பெண்டாட்டி என்ற பேச்சு இருக்கிறது. நீங்கள் வந்த வாரமே உங்கள் காதில் விழுந்திருக்கும். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் நீங்கள் உடைத்துத் தரச் சொல்லும் கல்லை அவர் உடைத்துத் தருகிறார்.

இந்த மாதம் புது முதலாளி சாலைப் பக்கத்தை மறுபடி திறக்கச் சொல்கிறார். பாம்புப் புற்றுக் கதை அவரிடம் செல்லாது. நான் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டு, இந்தப் பக்கம் வெட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். கல் தப்பும். முத்தையா அண்ணன் பெயர் தப்பாது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு சின்னச் சூளை போடப்போகிறேன். ஆளுயரம்கூட வேண்டாம், இடுப்பளவு போதும். இரண்டிலும் சீனிக்கல்தான். ஒன்றுக்கு நான் அன்று கூட்டச் சொன்ன தீ. இன்னொன்றுக்குக் குறைந்த தீ, அப்புறம் நீண்ட ஊறல். இரண்டையும் அலுவலகப் பின்சுவரில் பக்கத்தில் பக்கத்தில் பூச வேண்டும். மாதங்கள் கழித்து ஒன்று தெறிக்கும், ஒன்று நிற்கும் என்பது என் கணக்கு. குறைந்த தீ எவ்வளவு குறைய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. முதல் தடவை சரியாக வரும் என்று நான் நம்பவும் இல்லை. நான் போன பிறகு சுவரைப் பார்த்து எழுத வேண்டியவர்கள் நீங்கள். தெறித்தால் தெறித்தது என்று எழுதுங்கள். நான் சொன்னதற்கு மாறாக நடந்தாலும் அப்படியே எழுதுங்கள்.

தீயைப் பாக்கியம் அக்காதான் போட வேண்டும். இருபது வருஷம் அண்ணன் பக்கத்தில் நின்றவர். அவர் அளவுக்கு அந்தத் தீ இங்கே வேறு யாருக்கும் தெரியாது. வரச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று இன்னும் சொல்லவில்லை. பன்னிரண்டு பேரில் மிச்சம் இருப்பவர்கள் எல்லோரையும் வரச் சொல்லியிருக்கிறேன், உங்களையும்தான்.

தீக்குச்சியை அவர் கையில் கொடுப்பதற்கு முன்னால், கல் கெட்ட கல், அதைத் தேர்ந்தெடுத்தவன் நான், தீயைக் கூட்டச் சொன்னவனும் நான் என்று எல்லோர் முன்னிலும் சொல்ல வேண்டும். நாலு நாளாக ஆள் இல்லாத இடத்தில் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். மூன்றாவது வார்த்தையோடு நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன். சொன்ன பிறகு அவர் தீ வைப்பாரா, குச்சியை என் முகத்தில் எறிந்துவிட்டுப் போவாரா தெரியாது. போய்விட்டால், நீங்கள் மூவரும் அவர் பின்னால் ஓட வேண்டாம். கட்டைகளை நனையாமல் மூடிவையுங்கள். அடுத்த ஞாயிறு மறுபடி போய்க் கேட்பேன்.